காடும் கூரையும்: கலிபோர்னியாவில் காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காக்கும் பொறுப்பின் வரலாறு (1850–2025)

ஆய்வுச் சுருக்கம்

காட்டுத்தீயால் வீடுகள் அழிவதைக் காட்டின் சிக்கலாகக் காண்பதா, வீட்டின் சிக்கலாகக் காண்பதா என்னும் கேள்வி கலிபோர்னிய மாநிலத்தின் சட்ட வரலாற்றில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நிலவி வருகிறது. பழங்குடி மக்களின் எரிப்பு வழக்கம் தடை செய்யப்பட்டது முதல், தீயணைப்பை மட்டுமே நம்பிய அரசுக் கொள்கை, மர ஓட்டுக் கூரைகளைச் சுற்றி எழுந்த பூசல்கள், வீட்டின் உடனடிச் சுற்றுப்புறமே அதன் தலைவிதியை முடிவு செய்கிறது என்னும் 1990களின் ஆய்வுகள், அண்டை வீட்டார் ஒன்றுகூடி ஆண்டு முழுவதும் மேற்கொள்ளும் முன்தயாரிப்பு ஆகியன வரை இக்கட்டுரை ஆராய்கிறது. காக்கும் அறிவு இல்லாததால் அன்று, அவ்வறிவைச் செயற்படுத்தும் பொறுப்பு யாருக்குரியது என்பது முடிவாகாததாலேயே பேரழிவுகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: காட்டுத்தீ, சூழலியல் வரலாறு, கலிபோர்னியா, மர ஓட்டுக் கூரை, பண்பாட்டு எரிப்பு, சமூக முன்தயாரிப்பு.

முன்னுரை

காட்டுத்தீ பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் காட்டை மையமாகக் கொண்டவை. எத்தனை ஏக்கர் எரிந்தது, எத்தனை வீரர்கள் போராடினர், எந்நாளில் தீ அடங்கியது என்பனவே அவற்றின் அளவுகோல்கள். எரிந்த வீடுகள் கணக்கில் வரும்; ஆனால் அவை ஏன் எரிந்தன என்னும் கேள்வி அரிதாகவே எழுப்பப்படும். தீ வந்தது, ஆகவே வீடு எரிந்தது என்பது விளக்கம் தேவைப்படாத உண்மையாகக் கொள்ளப்பட்டது. எனினும் ஒரே தெருவில் ஒரு வீடு சாம்பலாகவும் அடுத்த வீடு சன்னல் கண்ணாடி கூட விரிசலுறாமல் நிற்பதாகவும் அமைந்த காட்சியைத் தீவிபத்துக்குப் பின் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் பல முறை காட்டியுள்ளன. அக்காட்சிக்கு விளக்கம் தேட முற்பட்டபோதுதான் காட்டுத்தீ வரலாற்றில் கூரைக்கும் முற்றத்திற்கும் இடம் கிடைத்தது.

கலிபோர்னியாவை இவ்வாய்வுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் அங்கு எரிந்த பரப்பின் பெருமை மட்டுமன்று. ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில் 1923இலும் 1991இலும் ஒரே வகையான தீ ஒரே வகையான வீடுகளை அழித்தது. முதல் அழிவுக்கும் இரண்டாம் அழிவுக்கும் இடையில் 68 ஆண்டுகள் கடந்தன. அந்த இடைவெளியில் சட்டமாகவும் ஆய்வாகவும் அனுபவமாகவும் சேர்ந்த அறிவு எங்குச் சென்றது என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

எரிப்போர் குற்றவாளிகளான கதை

ஐரோப்பியர் வருகைக்கு முன்பு கலிபோர்னிய நிலம் தீ படாத நிலமாக இருந்ததில்லை. கிளமத் ஆற்றுப் பகுதியின் காருக், யூரோக் முதலிய மக்கள் குறிப்பிட்ட பருவங்களில் குறிப்பிட்ட இடங்களைச் சிறு தீயால் எரித்தனர். கூடை முடைவதற்குரிய நேரான, வளையக்கூடிய கொட்டைச்செடிக் கொம்புகள் எரித்த புதரிலிருந்து துளிர்ப்பவை. ஓக் மரத்தடியில் சருகை எரித்தால் கொட்டையைத் துளைக்கும் புழுக்கள் குறையும். கொட்டை பொறுக்குவதும் எளிதாகும். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை எரித்து வைப்பதால் கோடையில் மின்னலாலோ பிறவாறோ எழும் தீ குடியிருப்பை அண்டுவதற்கு எரிபொருள் இராது. பலகைகளால் ஆன வீடுகளில் வாழ்ந்த அம்மக்களுக்கு இது வாழ்வு சார்ந்த தேவை. உணவு, கைவினை, வழிபாடு, வீட்டுப் பாதுகாப்பு ஆகிய நான்கும் ஒரே செயலுக்குள் அடங்கியிருந்தன. பிற்காலத்தார் ‘முன்தயாரிப்பு’ எனத் தனித்த துறையாகப் பிரித்தது அவர்களுக்கு ஆண்டுச் சுழற்சியின் ஓர் அங்கமாகவே இருந்தது.

இவ்வழக்கத்தின் மீது முதல் தடை ஸ்பானியர் ஆட்சியில் வந்தது. 1793ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆளுநர் அரிலாகா பழங்குடியினர் நிலத்தை எரிப்பதைத் தடுக்கும் ஆணையை வெளியிட்டார். மேய்ச்சல் நிலம் கருகுவதே அவரது கவலை. கலிபோர்னியா அமெரிக்க ஆட்சிக்குட்பட்டபின் 1850இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் கடுமையானது. பழங்குடியினரின் ‘ஆட்சிக்கும் பாதுகாப்புக்கும்’ எனப் பெயர் சூட்டப்பட்ட அச்சட்டம், நடைமுறையில் அவர்களைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்த வழிசெய்தது. அதன் பத்தாம் பிரிவு புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அத்துடன் நில்லாமல், எரியும் தீயை அணைக்க உரிய முயற்சி எடுக்க மறுப்பதையும் குற்றமாக்கியது. தீயை மூட்டும் உரிமை பறிக்கப்பட்டது. அணைக்கும் கடமை மட்டும் எஞ்சியது.

இந்திய வரலாறு கற்றோருக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் ஒதுக்கப்பட்ட காட்டில் தீ மூட்டுவதைத் தடை செய்து, காட்டில் உரிமை பெற்றோர் தீயணைக்க உதவ வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. இவ்விரு சட்டங்களுக்கிடையே நேரடித் தொடர்பு காட்ட இயலாது. ஆனால் பின்னர் உருவான வனத்துறைகளுக்கிடையே தொடர்பு உண்டு. இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராக விளங்கியவரும், 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்து அதன் வன நிருவாகத்தைச் சீரமைக்க வழிகாட்டியவருமான டீட்ரிச் பிராண்டிஸ், ஓய்வுக்குப்பின் ஜெர்மனியின் பான் நகரில் வாழ்ந்தார். அங்கு அவரை நாடிச் சென்று வழிகாட்டல் பெற்ற அமெரிக்க இளைஞர் கிஃபர்ட் பின்சோ, 1905இல் உருவான அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். ‘தீயிலிருந்து காட்டைக் காப்பதே வனவியலின் முதற்பணி’ என்னும் கருத்து இவ்வாறு கண்டம் விட்டுக் கண்டம் சென்ற ஒரு நிருவாக மரபின் பகுதியாகும். இதிலுள்ள முரண் ஒன்று குறிப்பிடத்தக்கது. இம்மரபு அமெரிக்காவில் வேரூன்றிய அதே காலத்தில், பர்மாவின் தேக்குக் காடுகளில் பணியாற்றிய வன அலுவலர் சிலர், தீயை முற்றிலும் விலக்குவதால் தேக்கின் இயற்கை மறுவளர்ச்சி தடைபடுகிறது எனத் தம் துறைக்குள்ளேயே வாதிடத் தொடங்கியிருந்தனர்.

அணைப்பதே கொள்கை

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய நாள்களில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் வீசிய பெருங்காற்றில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. உயிரிழந்த 80க்கு மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் தீயணைப்புப் பணியாளர்கள். தொடங்கி ஐந்தாண்டே ஆகியிருந்த வனத்துறை இதைத் தன் கொள்கைக்கு நேர்ந்த தோல்வியாகக் கருதவில்லை. பணமும் ஆளும் போதாமையால் நேர்ந்த தோல்வியாகவே கருதியது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட வீக்ஸ் சட்டம் மாநிலங்களின் தீத்தடுப்புப் பணிக்கு நடுவண் அரசின் நிதியை அளித்தது.

அக்காலக் கலிபோர்னியாவில் மாற்றுக் குரல் எழாமலில்லை. சில மர நிறுவனத்தாரும் கால்நடை வளர்ப்போரும் குளிர்ந்த பருவத்தில் சருகை மட்டும் எரிக்கும் ‘மெல்லெரிப்பு’ முறையை ஆதரித்தனர். வனத்துறையினர் அதனைப் ‘பையூட் வனவியல்’ என்று பழங்குடி ஒன்றின் பெயரால் எள்ளி நகையாடினர். பிற்காலத்தில் சூழலியல் அறவியலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஆல்டோ லியோபோல்டும் 1920இல் மெல்லெரிப்பை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர். 1920களின் தொடக்கத்தில் இரு தரப்பும் இடம்பெற்ற குழு ஒன்று சோதனைகளை மேற்கொண்டு, மெல்லெரிப்பு செலவு மிகுந்தது, இளங்கன்றுகளை அழிப்பது என்று தீர்ப்பளித்தது. மரவளத்தின் விலையை அளவுகோலாகக் கொண்ட கணக்கில் அத்தீர்ப்பு தவறன்று என்றே கொள்ளலாம். ஆனால் அக்கணக்கில் வீடு இடம்பெறவில்லை.

1935இல் வனத்துறைத் தலைவர் ஃபெர்டினான்ட் சில்காக்ஸ், கண்டறியப்படும் எத்தீயும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என விதித்தார். 1944இல் கரடி உருவம் ஒன்று விளம்பரச் சின்னமாக வந்து தீத்தடுப்பைக் குடிமக்களின் தனிமனித ஒழுக்கமாக்கியது. குடிமகன் செய்ய வேண்டியது தீக்குச்சியைக் கவனமாக அணைப்பது. எஞ்சியதை அரசு பார்த்துக்கொள்ளும். 1943இல் ஹெரால்டு வீவர் என்னும் வன அலுவலர், பாண்டரோசா பைன் காடுகள் சிறு தீயின் துணையால் உருவானவை. தீயை விலக்கினால் அடர்ந்து பெருந்தீக்கு இரையாகும் என எழுதினார். அவர் பணியாற்றியது வனத்துறையில் அன்று, பழங்குடியினர் விவகாரத் துறையில் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

பெர்க்லி, 1923: அழகியலும் கூரையும்

காட்டுக்குள் இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள பெர்க்லி நகரம் தன் மலைச்சரிவுகளில் ஒரு புதிய குடியிருப்புப் பண்பாட்டை உருவாக்கியிருந்தது. 1898இல் தோன்றிய ஹில்சைடு கிளப் என்னும் அமைப்பு, மலைக்கு ஏற்ற வீடு எப்படி இருத்தல் வேண்டும் என்பதைப் பரப்புரை செய்தது. வண்ணம் பூசாத மரம், மர ஓடு வேய்ந்த கூரையும் சுவரும், வெட்டப்படாத மரங்கள், வளைந்து செல்லும் குறுகிய தெரு ஆகியன அதன் இலக்கணம். சார்லஸ் கீலர் 1904இல் வெளியிட்ட நூல் எளிய இல்லம் என்னும் கருத்தைக் கோட்பாடாக்கியது. கட்டடக் கலைஞர் பெர்னார்டு மேபெக் அதற்கு உருக்கொடுத்தார். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்னும் இவ்விழைவு போலியானதன்று. ஆனால் அவர்கள் இயைந்து வாழ விரும்பிய இயற்கை, கோடைக் கடைசியில் எரியும் இயல்புடையது என்பது அந்த அழகியலுக்குள் நுழையவில்லை.

1923 செப்டம்பர் 17 அன்று வறண்ட வடகிழக்குக் காற்று வீசியது. மலைக்கு அப்பாலிருந்த வைல்டுகேட் பள்ளத்தாக்கின் புல்வெளியில் எழுந்த தீ முகட்டைத் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் வடபுறக் குடியிருப்புக்குள் இறங்கியது. அதன்பின் எரிந்தது காடன்று. எரியும் மர ஓடுகள் கூரையிலிருந்து பெயர்ந்து, காற்றில் பறந்து, அடுத்த கூரையில் விழுந்தன. ஒவ்வொரு வீடும் எரிபொருளாகி, அடுத்த வீட்டைப் பற்றவைக்கும் கொள்ளியாகவும் ஆனது. சில மணி நேரத்தில் 584 வீடுகள் உட்பட ஏறத்தாழ 640 கட்டடங்கள் அழிந்தன. நகரின் வணிகப் பகுதியை எட்டும் நிலையில் தீ நின்றதற்குக் காரணம், மாலையில் காற்று திசைமாறிக் கடலிலிருந்து ஈரக்காற்று வீசியதே. மேபெக்கின் சொந்த வீடும் எரிந்தது. பின்னர் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீட்டின் சுவர்கள், நுரைத்த காரைக் கலவையில் தோய்த்த சாக்குத் துணிகளால் ஆனவை. எரியாத சுவரைத் தேடிய அந்தக் கலைஞரின் கைவேலை, எந்த அறிக்கையையும்விட நேரடியான வரலாற்றுச் சான்றாகும்.

நகர மன்றமும் உடனடியாகச் செயற்பட்டது. தீயை எதிர்க்கும் கூரைகளையே அமைக்க வேண்டும் என விதி இயற்றியது. ஆனால் மரம், கட்டுமானம் சார்ந்த வணிகத்தாரின் அழுத்தத்தால் அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. கலிபோர்னியக் கூரை வரலாற்றில் இந்நிகழ்வு பெறும் முதன்மை, பிற்காலப் பேரழிவுகளால் அதற்குக் கிடைத்த பின்னோக்கிய முதன்மையன்று. காப்பீட்டு நிறுவனத்தாரும் தீயணைப்பு வல்லுநர்களும் மர ஓட்டின் ஆபத்தை அதற்கு முன்பே எச்சரித்திருந்தனர். 1923இல் நோயும் மருந்தும் தெரிந்திருந்தன. மருந்தின் விலையை யார் தருவது என்பதில்தான் ஊர் பின்வாங்கியது. சரிவுகளில் மீண்டும் மரங்கள் நடப்பட்டன, வீடுகள் எழுந்தன, ஒரு தலைமுறைக்குள் அந்நிகழ்வு உள்ளூர்ப் பழங்கதையாயிற்று.

போர்ப்படை பெருகுதல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தென்கலிபோர்னியாவின் புறநகர்கள் புதர்க்காட்டு மலைகளுக்குள் பரவின. 1961 நவம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலஸின் செல்வர் குடியிருப்பான பெல் ஏரில் 484 வீடுகள் அழிந்தன. நகரத் தீயணைப்புத் துறை தயாரித்த விளக்கப் படம் மர ஓட்டுக் கூரைகளையும் சரிவில் நீட்டிக் கட்டப்பட்ட வீடுகளையும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டியது. அதன் விளைவாகப் புதர் அகற்றும் விதிகள் கடுமையாயின. மர ஓட்டுக் கூரையை முழுமையாக விலக்க அந்நகருக்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1960களில் மாநிலச் சட்டமும் வீட்டைச் சுற்றி 30 அடி தொலைவுக்கு எரியக்கூடிய செடிகொடிகளை அகற்றுமாறு உரிமையாளருக்கு விதித்தது. விதி இருந்தது, ஆய்வு செய்ய ஆள் போதவில்லை.

1970ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் தொடங்கிய தொடர்தீ 16 உயிர்களையும் 700க்கு மேற்பட்ட கட்டடங்களையும் பறித்தது. அப்போது மேற்கொள்ளப்பட்ட பெருஞ்சீர்திருத்தம் எத்திசையில் சென்றது என்பது கவனிக்கத்தக்கது. பல துறைகளின் தீயணைப்புப் படைகள் ஒரே கட்டளை அமைப்பின்கீழ் இயங்கும் முறை அன்று உருவாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பேரிடர் மேலாண்மையில் பின்பற்றப்படும் ‘நிகழ்வுக் கட்டளை அமைப்பு’ அவ்வாறு பிறந்ததே. அது சிறந்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் தீ மூண்டபின் செய்வதைப் பற்றியது. மூளும் முன் கூரையில் என்ன இருக்கிறது என்னும் கேள்வி மீண்டும் ஒதுங்கி நின்றது.

1991 அக்டோபர் 19, சனிக்கிழமை. ஓக்லாந்து மலைப்பகுதியில் சிறு புல்தீ ஒன்று அணைக்கப்பட்டது. மறுநாள் அதன் கனல் வறண்ட கீழைக் காற்றில் மீண்டும் எழுந்தது. 25 பேர் மாண்டனர். 2,843 தனிவீடுகளும் 437 அடுக்கக வீடுகளும் அழிந்தன. எரிந்த பரப்போ 1,520 ஏக்கர் மட்டுமே. காட்டுத்தீ அளவில் இது மிகச் சிறியது. வீட்டழிவின் அளவில் அதுவரை கலிபோர்னியா கண்டிராதது. குறுகிய வளைவுத் தெருக்களில் வெளியேறுவோரும் உள்ளே வரும் தீயணைப்பு வண்டிகளும் எதிரெதிராகச் சிக்கினர். மின்சாரம் அறுந்ததால் நீரேற்றிகள் நின்று, மேட்டுத் தொட்டிகள் வறண்டன. உதவிக்கு வந்த அயலூர்ப் படையினரின் குழாய்முனைகள் ஓக்லாந்தின் நீர்க்குழாய்களோடு பொருந்தவில்லை. ஓக்லாந்து மூன்று அங்குல அளவையும் ஏனையோர் இரண்டரை அங்குல அளவையும் கொண்டிருந்தனர். அந்த அரை அங்குலம் அன்றைய ஆய்வறிக்கைகளில் பெரிதும் பேசப்பட்டது. பேசத்தக்கதே, ஆயினும் எரியும் கூரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கையில் குழாய்கள் பொருந்தியிருந்தாலும் அனைத்தையும் காத்திருக்க இயலாது என்பதை அவ்வறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன.

சுவரை எரித்துப் பார்த்த ஆய்வு

அமெரிக்க வனத்துறையின் மிசூலா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக் கோஹன் 1990களில் கேட்ட கேள்வி எளியது: பெருந்தீயின் வெப்பம் எவ்வளவு தொலைவிலிருந்து ஒரு மரச்சுவரைப் பற்றவைக்கும்? கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில், மரமுடிகளைப் பற்றி எரியும் தீயைத் திட்டமிட்டு மூட்டிய பன்னாட்டுச் சோதனை அதற்கு வாய்ப்பளித்தது. காட்டின் விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் மரச்சுவர்கள் நிறுத்தப்பட்டன. 10 மீட்டரில் நின்றவை சில எரிப்புகளில் மட்டும் தீப்பற்றின. அதற்கு அப்பால் நின்றவை பற்றவில்லை. காடு முழுவதும் கொழுந்துவிட்டு எரிந்தாலும் அதன் வெப்பம் ஒரு வீட்டைப் பற்றவைக்கும் நேரம் மிகக் குறைவு, தொலைவு மிகச் சிறிது என்பது தெளிவாயிற்று.

அவ்வாறெனில் வீடுகள் எவ்வாறு எரிகின்றன? 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் நகரில் வீடுகள் அழிந்தபின் கோஹன் அங்குச் சென்று கண்டது, சாம்பலான வீடுகளின் அருகே பச்சை இலையோடு நின்ற மரங்களை. தீச்சுவர் ஒன்று ஊரை விழுங்கியதாக நாளிதழ்கள் எழுதியதற்கு மாறாக, காற்றில் வந்த கனல் துணுக்குகளும் தரையில் ஊர்ந்த சிறு தீயும் வீட்டையொட்டிக் கிடந்த பைன் சருகு, விறகு அடுக்கு, மரவேலி ஆகியவற்றின் வழியே உள்ளே புகுந்திருந்தன. கூரை விளிம்பின் நீர்க்காலில் தேங்கிய சருகும், பரணுக்குக் காற்றோட்டம் தரும் வலையில்லாத் துளையும் போதும். ஆஸ்திரேலியாவில் 1983ஆம் ஆண்டின் சாம்பல் புதன் தீக்குப் பின் நடந்த ஆய்வுகளும், ஆள் இருந்து கனலை அணைத்த வீடுகள் மிகுதியாகத் தப்பியதைக் காட்டியிருந்தன. வீட்டையும் அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 30 முதல் 60 மீட்டர் வரையான வட்டத்தையும் கோஹன் ‘வீடு பற்றும் வளையம்’ என வரையறுத்தார்.

இக்கண்டுபிடிப்பின் அரசியல் உட்பொருள் அதன் அறிவியலினும் பெரிது. அவ்வளையம் பெரும்பாலும் தனியார் நிலம். காட்டை எவ்வளவு வெட்டினாலும் எரித்தாலும் வளையத்துக்குள் மாற்றமில்லையெனில் வீடு காக்கப்படாது. அரசின் பணி என நூறாண்டு கருதப்பட்டது, வீட்டுக்காரரின் பணியாக ஒரே நாளில் மாறிற்று. மாறிய பொறுப்புக்கு ஏற்பப் பணம் மாறவில்லை. வனத்துறையின் வரவுசெலவில் தீ தொடர்பான செலவு 1995இல் 16 விழுக்காடாக இருந்து 2015இல் பாதியைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு அணைப்பதற்கே சென்றது.

அண்டை வீடு என்னும் எரிபொருள்

தனிவீட்டுப் பொறுப்பு போதாது என்பதை உணர்ந்த முயற்சிகள் 1990களில் தொடங்கின. கலிபோர்னியாவில் 1993 முதல் தீப்பாதுகாப்பு மன்றங்கள் உருவாயின. 2002இல் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ஊர்களை அங்கீகரிக்கும் ‘ஃபயர்வைஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. ஓர் ஊர் அல்லது தெருவினர் குழு அமைத்து, தம் பகுதியின் இடர்ப்பாட்டை மதிப்பிட்டு, செயல்திட்டம் வகுத்து, ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட அளவு உழைப்போ பணமோ செலவிட்டதைக் கணக்குக் காட்டினால்தான் அங்கீகாரம் நீடிக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனையே இதன் உயிர்நாடி. சருகு ஆண்டுதோறும் விழுவது. ஒரு முறை பெருக்கியதால் முற்றம் தூய்மையாக நிலைப்பதில்லை. குளிரில் மரக்கிளை கழித்தல், இளவேனிலில் புல் அறுத்தல், கோடையில் நீர்க்கால் துடைத்தல், இலையுதிர் காலக் காற்றுக்கு முன் வெளியேறும் வழியை ஒத்திகை பார்த்தல் என்று அவ்வேலை பருவங்களோடு சுழல்வது. கிளமத் மக்களின் பழைய நாட்காட்டியை இது நினைவூட்டுவது வியப்பன்று. ஓர் வேறுபாடு உண்டு: அவர்களுக்கு அவ்வேலையால் உணவும் கூடையும் கிடைத்தன, புறநகர்வாசிக்குக் கிடைப்பது நேராத இழப்பு மட்டுமே. நேராத இழப்புக்காக ஆண்டுதோறும் உழைக்க மக்களை ஒன்றுதிரட்டுவது எளிதன்று.

அதற்கு ஓக்லாந்தே சான்று. அழிவின் நினைவு மாறாத அந்நகர மலைவாழ் மக்கள் 2004இல் தீத்தடுப்புக்கெனத் தம்மீது தாமே ஆண்டு வரி விதித்துக்கொண்டனர். ஆட்டு மந்தைகளை விட்டுப் புதரை மேய்ப்பது, சாலையோரம் வெட்டுவது முதலியன அந்நிதியால் நடந்தன. 2013இல் அதைப் புதுப்பிக்க மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. சிறு வேறுபாட்டில் அது கிட்டவில்லை.

மாநிலம் வேறொரு வழியில் சென்றது. 2005 முதல் சுற்றுவெளி விதி 30 அடியிலிருந்து 100 அடியாக விரிந்தது. 2008 முதல் மிகு அபாயப் பகுதிகளில் எழும் புதுவீடுகளுக்கு எரியாக் கூரை, கனல் புகாக் காற்றுத்துளை, வெப்பம் தாங்கும் கண்ணாடி ஆகியவற்றைக் கட்டடவிதியின் புதிய அத்தியாயம் கட்டாயமாக்கியது. ‘புதுவீடு’ என்னும் சொல்லில்தான் சிக்கல் இருந்தது. நின்றுகொண்டிருந்த பல லட்சம் பழைய வீடுகளை அவ்விதி தொடவில்லை.

2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் என்னும் மலையூரில் அச்சிக்கல் வெளிப்பட்டது. ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நூறாண்டை நெருங்கிய மின்கோபுரமொன்றில் தேய்ந்த கொக்கி முறிந்து எழுந்த தீ, காலை வேளையிலேயே ஏறத்தாழ 26,000 பேர் வாழ்ந்த ஊருக்குள் புகுந்தது. 85 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். 18,804 கட்டடங்கள் அழிந்தன. மின்நிறுவனம் 2020இல் 84 பேரின் சாவுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பாரடைஸ் முன்தயாரிப்பு அறியாத ஊரன்று. 2008ஆம் ஆண்டுத் தீக்குப் பின் அவ்வூர் வெளியேற்றத் திட்டம் வகுத்து, பகுதிகளாகப் பிரித்து, ஒத்திகையும் நடத்தியிருந்தது. அத்திட்டம் பலரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை; வீடுகளைக் காக்கவில்லை.

அவ்வூரின் 400 வீடுகளை எடுத்து ஆய்ந்து எரிக் நாப் முதலானோர் 2021இல் வெளியிட்ட முடிவு இவ்வரலாற்றின் மையத்தைத் தொடுகிறது. 1997க்கு முன் கட்டப்பட்டவற்றில் 11.5 விழுக்காடே தப்பின. அவ்வாண்டிலும் அதன் பின்னும் கட்டப்பட்டவற்றில் 38.5 விழுக்காடு தப்பின. ஆனால் 2008 விதிக்குச் சற்று முன்னும் பின்னும் கட்டப்பட்ட வீடுகளுக்கிடையே புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு வீடு தப்பியதா என்பதை முன்கூட்டியுரைக்கும் வலிய காரணிகளுள் ஒன்று, எரிந்த மற்றொரு வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பது. தன் கூரையைச் சீராக வைத்திருந்தவரும் பக்கத்து வீட்டின் வெப்பத்திலிருந்து தப்ப முடியவில்லை. 1923இல் பெர்க்லியின் மர ஓடுகள் காட்டியதை நூறாண்டுக்குப் பின் புள்ளியியல் உறுதி செய்தது. தீக்கு வேலி எல்லை தெரியாது. சட்டமோ வேலிக்குள் நின்றே பேசுகிறது.

ஐந்தடியின் அரசியல்

2020இல் மாநிலச் சட்டமன்றம் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடி தொலைவுக்குக் கனலால் பற்றக்கூடிய எதுவும் இருக்கலாகாது என்னும் வளையத்தைச் சட்டமாக்கியது. பழைய வீடுகளுக்கும் இது பொருந்தும் என்பதே இதன் புதுமை. விரிவான விதிகள் 2023 தொடக்கத்திற்குள் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. சன்னலடிச் செடிகள், சுவரையொட்டிய மரவேலி, நிழல் தரும் பழமரம் ஆகியவற்றின்மீது விதி கைவைத்தபோது எழுந்த எதிர்ப்பு, வணிகத்தாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. அந்தந்தத் தெருவில் வாழ்பவரிடமிருந்தே வந்தது. இதில் வர்க்கக் கூறும் உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவருக்குக் கூரை மாற்றும் செலவும், காப்பீடு மறுக்கப்படும் அச்சமும் ஒருங்கே வருகின்றன. பாதுகாப்பு நடவடிக்கை மேற்கொண்டோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என 2022இல் மாநிலம் விதித்தது. ஆயினும் காப்பீடு அளிக்கவே மறுக்கும் போக்கை அது நிறுத்திவிடவில்லை.

இதற்கிடையே கிளமத் பகுதியில் காருக், யூரோக் மக்கள் தம் எரிப்பு மரபை மீட்டெடுத்து வருகின்றனர். பழங்குடி எரிப்போரும் உள்ளூர்த் தீப்பாதுகாப்பு மன்றத்தாரும் இணைந்து பணிபுரியும் அப்பகுதியில், வீட்டைச் சுற்றி எரிப்பதும் கொட்டைச்செடிக்காக எரிப்பதும் மீண்டும் ஒன்றாகின்றன. 2024இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், நடுவண் அரசின் ஏற்பு பெற்ற பழங்குடிகள் ஒப்பந்த அடிப்படையில் தம் மரபுவழி எரிப்பை மேற்கொள்ள வழிவகுத்தது. 1850இன் பத்தாம் பிரிவிலிருந்து அங்கு வந்து சேர 174 ஆண்டுகள் ஆயின.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்கள் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தபின், ஐந்தடி விதியை விரைந்து முடிக்குமாறு ஆளுநர் பிப்ரவரியில் ஆணையிட்டார். அதே ஆண்டில் பெர்க்லி நகர மன்றம், மாநில விதிக்குக் காத்திராமல், தன் மலைமுகட்டை ஒட்டிய மிகு அபாயப் பகுதிகளுக்கு ஐந்தடி வளையத்தைத் தானே கட்டாயமாக்கியது. 1923இல் தீ தாண்டி வந்தது அம்முகட்டைத்தான்.